கிணற்றடியில் இருந்த வைத்தியம்

கொக்குவில் சோதிடப்பிரகாச யந்திரசாலையில் அச்சாகும் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம் வீட்டுக்கு வந்ததும் யாழ்ப்பாணத்தில் பெரும்பாலானோர் முதலில் புரட்டுவது சித்திரை வருடப்பிறப்புப் பக்கத்தைத்தான். வருடம் பிறக்கும் நேரம், விஷு புண்ணியகாலம், கைவிசேடத்துக்குரிய நேரங்கள் எல்லாம் அங்கே இருக்கும். கூடவே ஒரு வைத்தியக் குறிப்பும் இருக்கும்: மருத்துநீர் வைக்கும்போது தலையில் எந்த இலை, காலடியில் எந்த இலை என்று. வேம்பு, கொன்றை, விளா, புங்கை என இலைகள் வருடத்துக்கு வருடம் மாறும். திருக்கணிதம் என்ற மற்றப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவோருக்கு நேரம் வேறாக இருக்கும். ஆனால் தலையிலும் காலிலும் இலை வைத்து, மூத்தவர் கையால் மருத்துநீர் வார்த்து, அதற்குப் பிறகு முழுகுவதில் இரு பக்கத்தாருக்கும் வேறுபாடில்லை.

எங்கள் ஊர் ஏழாலை. அம்மப்பா பரம்பரைப் பரியாரியார். வருடப்பிறப்புக்கு முதல்நாள் அவர் வீட்டு முற்றத்தில் அடுப்பு மூட்டி மருத்துநீர் காய்ச்சுவார். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகம்புல், மஞ்சள், மிளகு, சுக்கு, சந்தனம், கோரோசனை, பச்சைக்கற்பூரம், குங்குமப்பூ, பசுப்பால், கோசலம், கோமயம் எல்லாம் அதற்குள் போகும். குங்குமப்பூ விலை கூடியது என்பதால் அதை மட்டும் ஒரு சிறிய பொட்டலத்திலிருந்து எண்ணி எடுப்பார். அயலட்டையில் உள்ளவர்கள் செம்பும் போத்தலும் கொண்டு வந்து வாங்கிப் போவார்கள். இப்போது அந்த வேலை முழுவதும் கோயில்களுக்குப் போய்விட்டது. ஐயர் காய்ச்சி வைத்திருப்பார். காலையில் ஒரு சின்னப் போத்தலில் ஊற்றிக் கொண்டுவந்து உச்சியில் நாலு துளி தடவினால் சரி.

இது தமிழருக்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல. அதே சித்திரையில் சிங்கள மக்களும் சுபநேரம் குறித்துத் தலைக்கு எண்ணெய் வைக்கிறார்கள். அவர்களும் தலைக்கு ஓர் இலை, காலுக்கு ஓர் இலை வைக்கிறார்கள். அங்கேயும் மூத்தவர் கைதான் வேண்டும். தீவு முழுவதும் ஒரே கிழமையில் கோடிக்கணக்கான தலைகளில் எண்ணெயும் இலையும் ஏறுகின்றன. இரண்டு மொழிக்காரரும் சண்டை பிடித்த காலம் முழுவதும் இந்த ஒன்று மாறாமல் நடந்துகொண்டிருந்தது என்பதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

உடலைப் புதுப்பிப்பது பற்றிப் பேசும் பழைய நூல்களைப் படித்தால் இரண்டு வழிகள் தெரியும். ஆயுர்வேத ஆசிரியரான சரகர், ரசாயனம் என்னும் அந்தப் புதுப்பிப்பை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, அதற்கென்றே கட்டிய குடிலுக்குள் புகுந்து, வெயிலும் காற்றும் படாமல் இருந்து செய்வது. மற்றது, வழமையான வாழ்க்கையில் வெயிலிலும் காற்றிலும் நடமாடிக்கொண்டே செய்வது. இவற்றுக்குப் பிறகு மருந்தே இல்லாத ரசாயனம் ஒன்றையும் அவர் சொல்கிறார்: உண்மை பேசுவது, கோபம் கொள்ளாமல் இருப்பது, அளவாக உறங்கி அளவாக விழிப்பது, மூத்தோரைப் பேணுவது. நல்ல நடத்தையே உடலையும் மனத்தையும் இளமையாக வைக்கும் என்று வைத்திய நூலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழ்ச் சித்தர்கள் இதே விஷயத்தைக் காயகற்பம் என்றார்கள். தேரையர் பெயரில் வழங்கும் பிணியணுகா விதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்திக்கு மருந்து, நாலு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்கு, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை மூக்கில் விடும் நசியம், நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு என்று ஒரு கால அட்டவணையையே தருகிறது.

குடிலுக்குள் புகும் வழியை யாழ்ப்பாணத்துச் சாதாரண வீடுகள் எடுத்துக்கொள்ளவில்லை. அரசனுக்கும் செல்வனுக்கும் உரியது அது. நாங்கள் எடுத்துக்கொண்டது கால அட்டவணையை. பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியதும் பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுப்பது என் தலைமுறையில் எல்லா வீட்டிலும் நடந்தது. விடியற்காலையில் ஆமணக்கெண்ணெய், அதன் பின்னே சுடச்சுட வெறுங்கோப்பி, மத்தியானம் குழைந்த சோறு. ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் முழுக்கு நாள் என்று நூல்கள் பிரித்தாலும், அரசாங்க உத்தியோகமும் பள்ளிக்கூடமும் வந்த பிறகு பெரும்பாலான வீடுகளில் சனிக்கிழமை எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. சனி பகவானுக்கு எள்ளெண்ணெய் உகந்தது என்ற நம்பிக்கையும் அதற்குத் துணை நின்றது. புரட்டாதிச் சனியில் கோயிலில் எள்ளுப் பொட்டலம் எரியும். வீட்டில் அதே எள்ளின் எண்ணெய் தலையில் ஏறும்.

அந்தச் சனிக்கிழமை எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வைத்திய நூல்களில் எண்ணெயின் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது; அன்றைய நாள் எப்படிப் போனது என்பது இல்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரமே அம்மம்மா எண்ணெய் காய்ச்சிவிடுவா. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய். எங்கள் செம்பாட்டு மண்ணில் புகையிலையும் வெங்காயமும்தான் விளையும். எள்ளு வன்னியிலிருந்து வரும். அதில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சுவது பொதுவானது. கண்ணெரிவு உள்ளவருக்குப் பொன்னாங்காணிச் சாறு விட்டுக் காய்ச்சியது, தலைமயிருக்குக் கையாந்தகரைச் சாறு விட்டது. சாறு விட்ட எண்ணெயை எப்போது இறக்குவது என்பதில்தான் கைப்பக்குவம் இருந்தது. அடியில் தங்கும் கற்கத்தை எடுத்து இரண்டு விரலுக்கிடையில் உருட்டிப் பார்ப்பா. மெழுகுபோல் திரண்டால் ஒரு பதம், மணல்போல் உதிர்ந்தால் அடுத்த பதம். ஒரு திரியை நனைத்துக் கொளுத்துவா. படபடவென்று வெடித்தால் தண்ணீர் இன்னும் வற்றவில்லை. அம்மப்பா பெரிய தைலங்களைத் தன் அறையில் காய்ச்சினாலும், வீட்டு எண்ணெயின் பதத்தை அம்மம்மாவிடம்தான் விட்டிருந்தார்.

சனி காலை கிணற்றடியில் சாக்கு விரித்து இருத்துவா. முதலில் உச்சி. பிறகு காது. "கண்ணை மூடிக்கொண்டு இரு பிள்ளை, காதுக்கை விடப்போறன்." பிறகு உள்ளங்கால். மற்ற இடமெல்லாம் அதற்குப் பிறகுதான். பல வருடங்கள் கழித்து வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்தில் தினசரி ஒழுக்கம் பற்றிய அத்தியாயத்தைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எண்ணெய் தேய்ப்பதை வழமையாகச் செய். தலை, காது, பாதம் ஆகிய மூன்றிலும் விசேடமாகச் செய். முதுமையும் களைப்பும் வாதமும் விலகும் என்கிறார் அவர். சமஸ்கிருதத்தில் ஓர் எழுத்தும் அறியாத அம்மம்மாவின் கை அந்த மூன்று இடங்களுக்கும் அதே முதன்மையைக் கொடுத்திருந்தது.

வெயிலில் சற்று ஊறவிட்டு, அவித்தரைத்த சீயாக்காய், வெந்தயம், எலுமிச்சங்காய், பயற்றம்மா இவற்றால் தேய்த்து எடுப்பா. செவ்வரத்தை இலை கசக்கிய வழுவழுப்பும் சில நாள் சேரும். இதில் எங்கள் மண்ணின் கணக்கு ஒன்றும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது, மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றைத் தவிர. குடிப்பதும் குளிப்பதும் சுண்ணக்கல்லுக்குள் ஊறி நிற்கும் மழைநீர். அது சுண்ணாம்பு கரைந்த வன்னீர்; கேத்தல் அடியில் வெள்ளையாகப் படிவதும் அதனால்தான். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் லேசில் நுரைக்காது, தலைமயிரில் பிசுபிசுப்பாகத் திரையும். புளிப்பும் பயற்றம்மாவும் அதே தண்ணீரில் எண்ணெயைச் சுத்தமாக எடுத்துவிடும். நூலில் உள்ள வைத்தியம் ஒன்று. அந்தந்தக் கிணற்றுத் தண்ணீருக்கு ஏற்ப அதைத் திருத்தி எடுத்த வைத்தியம் இன்னொன்று.

முழுகிய தலைக்குச் சாம்பிராணிப் புகை. சாப்பாட்டுக்கு மிளகுரசம், தூதுவளைச் சம்பல் அல்லது முசுட்டை இலை வறை, சூடான சோறு. தயிர் கிடையாது, பழஞ்சோறு கிடையாது. "முழுகின நாளிலை பகல் படுக்கக் கூடாது" என்று சொல்லி, கண் சொருகும் பிள்ளைகளைப் பல்லாங்குழிக்கு இருத்துவா. வயலுக்கும் தோட்டத்துக்கும் போகிறவர்கள்கூட அன்று அரைநாளோடு வந்துவிடுவார்கள். அடிதடி, ஏச்சு எதுவும் அன்று வீட்டில் கேட்காது. எண்ணெய் முழுகினவருக்குக் கோபம் கூடாது என்பது கண்டிப்பான விதி. சரகர் சொன்ன நடத்தை ரசாயனம் எங்களுக்கு வந்து சேர்ந்த வழி அதுதான் என்று நான் நம்புகிறேன்.

இனி இந்த வைத்தியத்தை எழுதி வைத்த ஏடுகளுக்கு வருவோம். ஆரியச்சக்கரவர்த்திகள் நல்லூரிலிருந்து ஆண்ட காலத்தில் அரசர்கள் செகராசசேகரன், பரராசசேகரன் என்ற பட்டப்பெயர்களை மாறி மாறிச் சூடினார்கள். அந்தப் பெயர்களிலேயே செகராசசேகரம், பரராசசேகரம் என்ற இரண்டு பெரும் வைத்திய நூல்கள் யாழ்ப்பாணத்தில் எழுந்தன. 1619இல் போர்த்துக்கேயர் இராச்சியத்தைப் பிடித்தார்கள், கோயில்கள் இடிந்தன. 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். அரசவை போனபின் அந்த நூல்களைக் காப்பாற்றியவை பரியாரிமாரின் வீடுகள். ஒரு குடும்பத்திடம் தலைநோய்ப் பகுதி, இன்னொரு குடும்பத்திடம் பிள்ளைப்பிணிப் பகுதி என்று ஏடுகள் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்து, 1920களின் கடைசியிலும் 1930களிலும் பரராசசேகரத்தைப் பாகம் பாகமாக அச்சேற்றியவர் எங்கள் ஊரவரான ஐ. பொன்னையபிள்ளை. செகராசசேகர வைத்தியமும், இருபாலைச் செட்டியார் பாடிய பதார்த்த சூடாமணியும் அவர் முயற்சியால்தான் அச்சில் வந்தன. பதார்த்த சூடாமணி நோய்க்கு மருந்து சொல்லும் நூலல்ல. அன்றாடம் நாம் உண்கிற, பயன்படுத்துகிற பொருள்களின் குணத்தைச் சொல்லும் நூல். நாளாந்த வாழ்க்கையின் வைத்தியம் யாழ்ப்பாணத்தில் எப்படி இருந்தது என்று கேட்பவருக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான். ஓர் ஊர்ப் பரியாரியார் தன் கைக்காசையும் காலத்தையும் இதற்குச் செலவிட்டார். அவருக்கு எங்கள் ஊரில் செய்யப்பட்ட மரியாதை போதாது.

ஆங்கில வைத்தியமும் சும்மா வந்து இதை இடித்துத் தள்ளிவிடவில்லை. அமெரிக்க மிஷனின் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தினார். மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, இரண வைத்தியம், இரசாயனம் எல்லாவற்றுக்கும் தமிழ் நூல்கள் வரச்செய்தார். தன் மாணவர்கள் தமிழர் உடையிலேயே இருக்க வேண்டும் என்று விரும்பினார். நாட்டு வைத்தியரை அவர் மதித்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் கைமுறிவுக்கும் கண்புரைக்கும் மானிப்பாய்க்குப் போன அதே குடும்பம் சனிக்கிழமை எண்ணெய் வைத்துத்தான் முழுகியது. இரண்டுக்கும் வேலை வேறு என்பது சனங்களுக்குத் தெரிந்திருந்தது.

சித்தமா, ஆயுர்வேதமா என்று இன்று கேட்கிறார்கள். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யுனானி, சிங்கள தேசிய வைத்தியம் எல்லாவற்றையும் ஆயுர்வேதம் என்ற ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்தது. அம்மப்பாவின் பதிவுச் சான்றிதழில் இருந்ததும் அந்தப் பெயர்தான். அவர் ஒருநாளும் அதற்காகக் கவலைப்பட்டதில்லை. வாதம், பித்தம், சிலேற்பனம் இரண்டுக்கும் பொது. ஏட்டில் இருந்த மருந்துகளில் இரண்டு மரபும் கலந்தே கிடந்தன.

இவ்வளவையும் பெருமையோடு சொல்லும்போது, அந்தக் கிணற்றடியில் யாருக்கு இடம் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். எண்ணெய் முழுக்குக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். கிணறும் காணியும் உள்ளவர்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. காணியில்லாத சாதியினர் மற்றவர் கிணற்றடியில் குடத்தோடு நின்றார்கள். உரிமைக்காரர் வந்து அள்ளி ஊற்றும்வரை காத்திருந்தார்கள். கயிற்றையோ துலாவையோ தொட அவர்களுக்கு அனுமதியில்லை. குடிக்கவே அளந்து கிடைத்த தண்ணீரில் தலைமுழுகுவது எப்படி? செக்காட்டியவர்கள், துலா மிதித்தவர்கள், தோட்டத்தில் பகல் முழுவதும் வெயிலில் காய்ந்தவர்கள்: உடல் களைப்பு மிகுதியாக இருந்தவர்களுக்குத்தான் களைப்பாற்றும் முழுக்கு மிக அரிதாகக் கிடைத்தது. கே. டானியல் தன் நாவல் ஒன்றுக்குத் 'தண்ணீர்' என்று பெயர் வைத்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை. பொது இடங்களில் சாதி காட்டுவதை 1957இல் சட்டம் குற்றமாக்கியது. ஆனாலும் 1968இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் நுழைய முயன்றவர்களை வாசலிலேயே தடுத்தது எல்லோருக்கும் தெரியும். நீராடிக் குதிரைமுகம் நீங்கிய அரசகுமாரியின் கதையால் புகழ்பெற்ற கீரிமலை ஊற்றுக்கும் அந்தக் கோயிலுக்கும் இடையில் நடை தூரம்தான். எங்கள் வைத்திய மரபின் வரலாற்றை எழுதுபவர்கள் இந்தப் பக்கத்தை விட்டுவிட்டு எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிறகு யுத்தம் வந்தது. அது மூளுமுன்னரே, 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது 97,000 நூல்களோடு ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேற, கீரிமலைக் கேணியும் எங்களுக்கு எட்டாத இடமாயிற்று. பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரம் தங்கம் மாதிரி. பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். ஒருவகையில் பழைய பழக்கங்கள் அந்த வருடங்களில் திரும்பி வந்தன. செவ்வரத்தை இலையும் வெந்தயமும் வேறு வழியில்லாமல் எல்லா வீட்டிலும் தலைக்கு ஏறின. எண்ணெய்தான் தட்டுப்பாடு. இருந்த கொஞ்சத்தைச் சமையலுக்கா விளக்குக்கா தலைக்கா என்று அம்மா பிரிக்க வேண்டியிருந்தது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு மழையில் வலிகாமமே நடந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. நாங்கள் தென்மராட்சியில் ஒரு வளவில் ஒதுங்கினோம். ஒரு கிணற்றைப் பல குடும்பங்கள் பகிர்ந்தன. வரிசையில் நின்று, அளந்து அள்ளிய தண்ணீரில் குளிக்கும்போது சனிக்கிழமை என்ற நாளே எங்களிடமிருந்து போய்விட்டது. அம்மம்மா அங்கேதான் காலமானா. அடுத்த வருடம் ஊர் திரும்பியபோது அம்மப்பாவின் தைலச் சாடிகள் உடைந்து கிடந்தன, ஏட்டுப் பெட்டியைக் காணவில்லை. கிணறு மட்டும் இருந்தது. அதை இறைத்துத் துப்புரவாக்கின பிறகும், எண்ணெய் காய்ச்சும் நாளை மீண்டும் தொடங்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மறந்ததல்ல. ஒருவர் தலையில் ஒருவர் கைவைத்து ஆறுதலாக இருக்கும் மனம் அப்போது வீட்டில் இல்லை. வருடங்கள் கழித்து, பேரப்பிள்ளைக்கு முதல் முழுக்கு வார்க்கும்போதுதான் அது எங்களிடம் திரும்பியது.

கிணறுகளுக்கு வேறு விதத்திலும் கேடு வந்தது. சுன்னாகம் மின்நிலையத்தைச் சூழ்ந்த ஊர்க் கிணறுகளில் எரிபொருள் எண்ணெய் கலந்திருப்பது 2013, 2014 காலத்தில் பெரும் பிரச்சினையாக வெடித்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்குமாறு தீர்ப்பானது. அதற்கு முன்பே உரமும் மலக்குழிக் கசிவும் சுண்ணக்கல் வழியே இறங்கி வலிகாமத்து நிலத்தடி நீரில் நைத்திரேற்றைக் கூட்டியிருந்தன. நல்ல தண்ணீர் இல்லாத ஊரில் எந்தப் புத்துயிர்ப்பு முறையைப் பற்றிப் பேசுவது? மூலிகைத் தோட்டம் வைக்கிறோம் என்று மேடையில் சொல்பவர்களிடம் நான் எப்போதும் கிணற்றைப் பற்றித்தான் கேட்கிறேன்.

தெற்கே பேருவளை, பெந்தோட்டைக் கரைகளில் ஆயுர்வேத விடுதிகள் பல பத்தாண்டுகளாக ஜேர்மனியரையும் மற்றவர்களையும் வரவேற்கின்றன. நெற்றியில் எண்ணெய் ஒழுகும் படத்தோடு விளம்பரங்கள் இப்போது யாழ்ப்பாணத்திலும் தலைகாட்டுகின்றன. அதனால் சிலருக்கு வேலை கிடைக்கிறது, களைத்து வந்தவருக்கு ஆறுதல் கிடைக்கிறது, நல்லதே. ஆனால் சரகர் சொன்ன குடிலுக்குள் புகும் வழி அது. வெயிலிலும் காற்றிலும் நடமாடிக்கொண்டு, சம்பளம் எடுத்து, பிள்ளை வளர்த்து, கிழமைக்கு ஒருமுறை அரைநாளை உடலுக்கும் மனத்துக்கும் விட்டுவைத்த மற்ற வழியை விலைக்கு விற்க முடியாது. அது வீட்டார் ஒருவருக்கொருவர் நேரம் கொடுத்தால்தான் நடக்கும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவக் கல்வி 1984இல் ஓர் அலகாகத் தொடங்கியது; கைதடியில் நடக்கிறது. அங்கே படித்து வரும் பிள்ளைகள், அதிலும் பெண்பிள்ளைகள், பரராசசேகரத்தை முறையாகக் கற்கிறார்கள். பொன்னையபிள்ளை பதிப்பித்த நூல்கள் நூலக நிறுவனத்தின் இணையத்தளத்தில் எவரும் படிக்கக் கிடைக்கின்றன. ஏட்டில் இருந்ததில் மிஞ்சியது ஓரளவுக்குக் காப்பாற்றப்பட்டுவிட்டது.

ஏட்டில் ஏறாதது அப்படியே கிடக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குத் தண்ணி எத்தனை நாள், எந்த நாளில் முதல் முழுக்கு, பெரியபிள்ளையான பெண்ணுக்கு நல்லெண்ணெயும் முட்டையும் உழுத்தங்களியும் எந்த அளவில், சோதனைக் காலத்தில் வல்லாரை எத்தனை இலை என்பதெல்லாம் எண்பது வயது தாண்டிய பெண்களின் நினைவிலும், சில வீடுகளில் பழைய கணக்குக் கொப்பிகளின் கடைசிப் பக்கங்களிலும் இருக்கின்றன. கைதடி மாணவியர் இருவர் போன மாதம் என்னிடம் வந்தார்கள். அம்மம்மாவின் கொப்பியில் மிஞ்சிய தாள்களை அவர்களுக்குக் கொடுத்தேன். ஊர் ஊராகப் போகும்போது மூன்று கேள்விகளைக் கட்டாயம் கேட்கச் சொன்னேன்: எண்ணெயை எந்தப் பதத்தில் இறக்கினீர்கள், எந்தக் கிழமையில் முழுகினீர்கள், தண்ணீர் யாருடைய கிணற்றில் அள்ளினீர்கள். மூன்றாவதற்கு வரும் பதிலை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.